நீலப் பிள்ளையின் இதயமும் ஒட்சிசன் குமிழும்: பம்பில் ஏறும் முதல் ஐந்து நிமிடங்களைப் பற்றிய முழுமையான வழிகாட்டி

பொரளைச் சந்தியில் இறங்கி சிறுவர் வைத்தியசாலைப் பக்கம் நடந்து வரும் தமிழ்க் குடும்பங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவேன். கையில் ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் எக்கோ அறிக்கைகளும் மூலை மடிந்த கிளினிக் கொப்பியும். இன்னொரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். ஹற்றனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருப்பார்கள், இல்லாவிட்டால் மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில். தோளில் தூங்கும் பிள்ளையின் உதடு மட்டும் நாவற்பழம் தின்றதுபோல இருக்கும். பிறவி இதயக் குறைபாட்டால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து இப்படி நீலம் பாய்ந்த பிள்ளையைத்தான் நீலப் பிள்ளை என்கிறோம்.

நான் இதே நகரத்தில் இதய சத்திரசிகிச்சைக் கூடத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவன். சத்திரசிகிச்சை நடக்கும்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் பம்ப் அது. பெர்ஃபியூஷனிஸ்ட் என்பது பதவிப் பெயர். கூடத்துக்குள் 'பம்ப் ஆள்' என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும். தேநீர்க் கடையில் என் உடுப்பைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு தாயார் கேட்பார்: "தம்பி, இவ்வளவு நாளும் காத்துப் போதாமக் கிடந்த பிள்ளை. ஒபரேசன்ல நல்லா ஒட்சிசன் குடுப்பீங்கள்தானே?"

"குடுப்பம் அம்மா, ஆனா மெதுவா" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஏன் மெதுவாக என்று தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. பெற்றோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தாதியர் பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளும் வாசிக்கலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று யாராவது இந்த இடத்தில் சொல்வார்கள். அந்தப் பழமொழி அளவைப் பற்றியது. நம் பிரச்சினையில் அளவைவிட வேகம்தான் பெரிய ஆள்.

முதலாம் படி: பிள்ளையின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

இரண்டு எண்கள் போதும். ஒன்று விரலில் மாட்டும் கருவி காட்டும் ஒட்சிசன் வீதம். மற்றது இரத்த அறிக்கையில் உள்ள ஈமோகுளோபின்.

ஒரு கிராம் ஈமோகுளோபின் முழுதாக நிரம்பினால் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். உங்கள் மகனுக்கு ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 18 கிராம், ஒட்சிசன் 70 வீதம் என்று வைப்போம். 1.34 ஐ 18 ஆலும் 0.70 ஆலும் பெருக்கினால் 16.9. அதாவது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் கிட்டத்தட்ட 17 மில்லிலீற்றர் ஒட்சிசன். இனி பக்கத்து வீட்டு ஆரோக்கியமான பிள்ளை: ஈமோகுளோபின் 13, ஒட்சிசன் 98 வீதம். பெருக்குங்கள், அதுவும் 17தான்.

நான் படிக்கிற காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. நீலப் பிள்ளையின் உடல் பல மாதங்களாகச் சிவப்பணுக்களைக் கூட்டிக் கூட்டி, சுமக்கும் ஒட்சிசனின் அளவைச் சரிக்கட்டிவிட்டது. அதற்குக் கொடுத்த விலை இரத்தம் தடித்தது. சில பிள்ளைகளில் குழாயில் ஓடும்போது கித்துள் பாணிபோலத் தெரியும்.

சரிக்கட்ட முடியாமல் போனது அழுத்தம். நல்ல பிள்ளையின் தமனியில் ஒட்சிசனின் அழுத்தம் 100 மில்லிமீற்றர் இரசத்தை ஒட்டி நிற்கும். 70 வீதத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது 40க்கும் கீழே. இதயத் தசையின் ஒவ்வொரு கலமும் பிறந்த நாளிலிருந்து அந்தத் தாழ்ந்த அழுத்தத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டது.

அந்தத் தாளில் இன்னொன்றையும் பாருங்கள். நீலப் பிள்ளைக்கு ஈமோகுளோபின் 12 என்று வந்தால், ஆய்வுகூட அறிக்கை அதை இயல்பு என்றே அச்சடிக்கும். மேலே செய்த கணக்கில் 18க்குப் பதில் 12 போட்டால் விடை 11 சொச்சம். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. இரும்புச்சத்துக் குறைந்த நீலப் பிள்ளை இது. 'நோர்மல் என்று போட்டிருக்கு' என ஆறுதலடையாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

இரண்டாம் படி: கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இது எளிது. சாம்பல் மூடிய தணலை ஊதுகுழலால் மெல்ல ஊதினால் சுவாலை பிடிக்கும். மூச்சை இழுத்து ஒரேயடியாக ஊதினால் பொறி பறக்கும், கிடுகுக் கூரைக்கு ஆபத்து.

கலத்தின் அடுப்பு இழைமணி. அங்கே உணவிலிருந்து வரும் இலத்திரன்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒட்சிசனிடம் போய்ச் சேர்ந்து நீராக வேண்டும். ஒட்சிசன் நெடுநாள் தட்டுப்பாடாக இருந்தால் அந்தச் சங்கிலியில் இலத்திரன்கள் தேங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் திடீரென ஒட்சிசன் வெள்ளமாக வந்தால், இறுதிப்படிவரை போகாமல் வழியிலேயே இலத்திரன் ஒட்சிசன்மேல் பாய்கிறது. பிறப்பது சுப்பரொட்சைட்டு. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு, இரும்பு அயன் அருகில் இருந்தால் அதைவிட மூர்க்கமான ஐதரொட்சில். பொதுப்பெயர் சுயாதீன மூலிகங்கள். நைத்திரிக்கு ஒட்சைட்டும் அப்போது கூடுதலாக உற்பத்தியாகிறது. அது சுப்பரொட்சைட்டுடன் சேர்ந்தால் இன்னொரு விஷம்.

இந்தப் பொறிகளை அணைக்க எல்லாக் கலத்திலும் ஆள் உண்டு: குளுற்றாதயோன், கற்றலேசு, சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேசு என்ற நொதியம். நீலப் பிள்ளையின் இதயத்தில் இந்தக் காவலர்கள் குறைவு. பல மாதம் தீப்பிடிக்காத ஊரில் தீயணைப்புப் படையைக் குறைத்ததுபோல. பொறி கலமென்சவ்வின் கொழுப்பில் பிடித்தால் சவ்வு ஓட்டையாகும், கல்சியம் உள்ளே புகும், இழைமணி வீங்கும், தசை நார் விறைக்கும். இதயம் துடிக்கும், ஆனால் தள்ளாது.

1987இல் ரொறொன்ரோவில் பெட்ரோ டெல் நிடோவும் கூட்டாளிகளும் ஃபலோ நாற்கூட்டுக் குறைபாட்டை (நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதய நோய்) திருத்தும் சத்திரசிகிச்சையின்போது பிள்ளைகளின் இதயத் தசையிலேயே இந்தச் சேதத்தின் தடயங்களைக் காட்டினார்கள். (நம் ஆட்கள் அரைவாசிப் பேர் இருக்கும் ஊர் என்பதால் எனக்கு இந்தத் தகவல் மறப்பதே இல்லை.) 1990களில் கலிபோர்னியாவில் ஜெரால்ட் பக்பேர்க்கின் குழு பன்றிக்குட்டிகளில் ஒரு தெளிவான பரிசோதனை செய்தது. குட்டிகளுக்கு முதலில் ஒட்சிசன் குறைந்த காற்று. பிறகு பம்பில் ஏற்றி, ஒட்சிசன் அழுத்தத்தை ஒரேயடியாக 400 அளவுக்கு உயர்த்தினார்கள். இதயத்துக்குப் போகும் இரத்தத்தை ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. இருந்தும் இதயத்தின் சுருங்கும் வலு விழுந்துவிட்டது. அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திய குட்டிகளிலும், காவலர் மருந்துகளை முன்கூட்டியே கலந்த குட்டிகளிலும் சேதம் குறைந்தது.

அதுவரை சத்திரசிகிச்சைக்குப் பிறகு இதயம் சோர்ந்தால் எல்லாப் பழியும் 'இதயத்தை நிறுத்தி வைத்த நேரம்' என்பதன்மேல்தான். நிறுத்துவதற்கு முன்னாலேயே, பம்ப் தொடங்கிய கையோடு ஒரு அடி விழுகிறது என்பது அப்போதுதான் துலங்கியது.

ஒட்சிசன் இப்படி நம்மை ஏமாற்றுவது முதல் தடவையும் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த ஒட்சிசன் அவர்கள் கண்ணைப் பறிக்கிறது என்று 1951இல் மெல்பேர்ணில் கேட் காம்ப்பெல் எழுதும்வரை, அதைக் கருணை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் படி: கொழும்புக்கு வருவதற்கு முந்தைய வாரங்கள்

இங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

பல். நீலப் பிள்ளையின் சூத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறினால் இதயத்தில் போய்க் குடியிருக்கும். ஊரிலேயே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல் பிடுங்குவதற்கு முன் இதய நோய் இருப்பதைச் சொல்லுங்கள், அன்டிபயோட்டிக் தேவைப்படும்.

இரும்புச்சத்து மருந்தை டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், மலம் கறுக்கிறது என்று பயந்து நிறுத்த வேண்டாம். கறுக்கத்தான் செய்யும்.

தண்ணீர். இரத்தம் ஏற்கெனவே தடிப்பு. வயிற்றோட்டம், காய்ச்சல், நீண்ட பஸ் பயணம் ஏதாவது ஒன்றில் பிள்ளை காய்ந்தால் இரத்தம் இன்னும் தடித்து மூளையில் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு. வழியில் பிள்ளைக்கு மூத்திரம் போக இடம் கிடையாது என்று தண்ணீரைக் குறைக்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். குறைக்காதீர்கள்.

நீலம் திடீரெனக் கூடி, பிள்ளை அழுதழுது சோர்ந்தால் முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கித் தூக்கிப் பிடியுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை விளையாட்டின் நடுவில் தானாகவே குந்திக்கொள்வதும் இதற்காகத்தான். உடனே பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

முக்கியமான ஒரு எச்சரிக்கை. அங்கே ஒட்சிசன் முகமூடி வைத்தால் தடுக்காதீர்கள். 'ஒட்சிசன் இதயத்தைக் கெடுக்கும் என்று வாசித்தேன்' என்று யாராவது இந்தக் கட்டுரையைக் காட்டி வாதாடினால் எனக்குத் தூக்கம் வராது. முகமூடியால் நீலப் பிள்ளையின் இரத்தத்தில் அழுத்தம் பெரிதாக ஏறாது. ஏனென்றால் நுரையீரலைத் தொடாமலே ஒரு பங்கு இரத்தம் குறுக்கு வழியில் உடலுக்குப் போகிறது. அந்தக் குறுக்கு வழியை ஒரு நொடியில் பொய்யாக்கக்கூடியது ஒன்றே ஒன்று, அது நான் ஓட்டும் இயந்திரம்.

நான்காம் படி: சத்திரசிகிச்சை நாள் காலை

எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று வாட்டில் சொல்வார்கள். பாலுக்கு ஒரு நேரம், தெளிந்த தண்ணீருக்கு வேறொரு நேரம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவையுங்கள். பட்டியலில் பிள்ளையின் முறை பின்தள்ளப்பட்டால், "சேலைன் போடுவீங்களா மிஸ்?" என்று தாதியிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடித்த இரத்தமுள்ள பிள்ளை மதியம்வரை காய்ந்து கிடக்கக் கூடாது.

கூடத்துக்குள் மயக்க மருந்து வைத்தியர் குழாய் போட்டபின், தேவைக்கு மேல் ஒட்சிசனைத் திறந்துவிடாமல், பிள்ளை வழமையாக இருக்கும் அளவை ஒட்டியே வைத்திருக்கப் பார்ப்பார். அவரவர் பழக்கம், பிள்ளையின் நிலை இரண்டையும் பொறுத்தது அது.

ஐந்தாம் படி: இயந்திரத்தை நிரப்புதல்

இனி என் இடம். இது நீங்கள் செய்யும் படி கிடையாது. ஆனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த நேரம் கொஞ்சம் குறையும்.

8 கிலோ பிள்ளையை எடுப்போம். கிலோவுக்கு 80 மில்லிலீற்றர் என்றால் உடலில் மொத்த இரத்தம் 640 மில்லிலீற்றர். ஒரு சோடாப் போத்தலைவிடக் கொஞ்சம் கூட. இயந்திரத்தின் குழாய்கள், தேக்கம், செயற்கை நுரையீரல் எல்லாவற்றையும் நிரப்ப இன்னொரு 350 மில்லிலீற்றர் வேண்டும் என்று வையுங்கள். பிள்ளையின் சொந்த இரத்தத்தில் பாதிக்கும் மேல். அதனால் சின்னப் பிள்ளைகளுக்குக் குழாயை வெறும் சேலைனால் நிரப்ப முடியாது, தானம் கிடைத்த இரத்தமும் சேர வேண்டும். நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்கு யாராவது போய்க் கொடுத்த ஒரு பை அது.

நிரப்பியதைச் சுற்றவிட்டுக் காற்றுக் குமிழிகளைத் தட்டித் தட்டி எடுப்போம். அந்த நேரத்தில் செயற்கை நுரையீரலுக்கு முழு ஒட்சிசனைத் திறந்துவிட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் நிரப்பு நீரே 400ஐத் தாண்டிய அழுத்தத்துடன் பிள்ளைக்காகக் காத்திருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இடத்தில் அப்படித்தான் செய்தோம். ஒட்சிசன் வீதத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழ் 100இல் நிற்பது ஒரு தைரியம், அவ்வளவுதான். யாரும் யோசிக்கவில்லை.

இப்போது நீலப் பிள்ளை என்றால் காற்றை மட்டும் விட்டுச் சுற்றவைக்கிறேன். பை இரத்தத்தின் பொட்டாசியத்தையும் அமிலத்தையும் வடிகட்டிச் சரிசெய்து, ஒரு துளி எடுத்து வாயு அளந்து பார்த்தபிறகுதான் 'ரெடி' என்று குரல் கொடுப்பேன்.

ஆறாம் படி: முதல் ஐந்து நிமிடம்

சத்திரசிகிச்சை வைத்தியர் மகாதமனியில் ஒரு குழாயும், இதயத்துக்குத் திரும்பும் பெருநாளங்களில் இரண்டும் வைத்துவிட்டார். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஏறிவிட்டது. "ஒன் பைபாஸ்" என்கிறார், பம்பைத் தொடங்கு என்று பொருள்.

நாளக் குழாயில் என் பக்கம் வரும் இரத்தம் கிட்டத்தட்டக் கறுப்பு. அது செயற்கை நுரையீரலின் நூல் போன்ற இழைகளைச் சுற்றிப் போய் மறுபக்கம் வெளியே வரும்போது நிறம் மாறும். இந்த மாற்றம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்று என் கண் பழகிவிட்டது. புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு அதே காட்சி அதிசயமாகத் தெரியும். செம்பருத்திச் சிவப்பைப் பார்த்து ஒரு மாணவி கைதட்டப் போனதும் உண்டு.

8 கிலோ பிள்ளைக்கு முழு ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிலீற்றர். பிள்ளையின் இரத்தமும் நிரப்பும் சேர்ந்து 990. அப்படியானால் ஒரு நிமிடம் ஆவதற்குள் எல்லா இரத்தமும் ஒரு சுற்றுப் போய் வந்துவிடும். மகாதமனியிலிருந்து பிரியும் முதல் கிளைகள் இதயத்தின் சொந்தத் தமனிகள். ஆகவே, வெள்ளம் வந்தால் முதலில் நனைவது இதயம். இதயமோ இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது, குளிரூட்டவில்லை, பாதுகாப்பு மருந்து எதுவும் போகவில்லை. பிறந்ததிலிருந்து 40ஐக் கண்டிராத தசை ஒரு நிமிடத்துக்குள் 400ஐக் காண்கிறது.

இதைத் தடுப்பது ஒரு குமிழ். பிளெண்டர் என்ற பெட்டி, காற்றையும் ஒட்சிசனையும் கலப்பது. குமிழில் 21 முதல் 100 வரை எழுதியிருக்கும். நீலப் பிள்ளைக்கு நான் 21இல் தொடங்குகிறேன். 21இல் வைத்தாலும் நல்ல செயற்கை நுரையீரலிலிருந்து வரும் அழுத்தம் 100ஐ ஒட்டிப் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. பிள்ளையின் பழைய அளவைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் குமிழை மட்டும் நம்பாமல் ஓட்டத்தையும் மெதுவாக ஏற்றுவோம். முதலில் கால் பங்கு, பிறகு பாதி. பிள்ளையின் இதயமும் தன் பங்குக்குத் தள்ளிக்கொண்டிருப்பதால் அதன் நீல இரத்தமும் என் சிவப்பு இரத்தமும் கலந்துதான் தசைக்குப் போகும். சில நிமிடங்களில் முழு ஓட்டம். அதன்பின் தேவைக்கேற்ப 21ஐ 30, 40 என்று நகர்த்துவது.

'அப்படியானால் பிள்ளைக்கு ஒட்சிசன் போதாமல் போகாதா?' நியாயமான பயம். முதலாம் படியின் தாளைத் திரும்ப எடுங்கள். ஈமோகுளோபின் நிரம்பியபிறகு அழுத்தத்தை 100இலிருந்து 400க்கு ஏற்றினால், கரைந்த வடிவில் கூடுதலாகக் கிடைப்பது 100 மில்லிலீற்றருக்கு 0.9 மில்லிலீற்றர் மட்டும். ஒரு மில்லிலீற்றர்கூட இல்லாத இலாபத்துக்கு நான்கு மடங்கு அழுத்தம். என் கண்ணுக்கு அது நட்டக் கணக்கு.

கண்ணை மூடிக்கொண்டும் செய்வதில்லை. நெற்றியில் ஒட்டிய உணரி மூளையின் ஒட்சிசனைக் காட்டும். நாளக் குழாயில் திரும்பும் இரத்தத்தின் வீதம் திரையில் ஓடும். ஒட்சிசன் போதாதபோது இரத்தத்தில் சேரும் லக்றேற்று ஏறுகிறதா என்று இடைக்கிடை அளப்போம். இவற்றில் எது சறுக்கினாலும் குமிழ் ஏறும், தயக்கமே இல்லை. ஒட்சிசனைக் குறைத்து ஓட்டும்போது கையிருப்பு குறைவு. இயந்திரத்தில் ஏதாவது சிக்கல் வந்தால் சமாளிக்கும் நேரமும் குறைவு. அதனால்தான் இந்த முறைக்கு இரண்டு மடங்கு விழிப்பு வேண்டும்.

இது மனிதப் பிள்ளைகளில் உண்மையிலேயே பலன் தருமா? இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மாசிமோ கபூட்டோவின் குழு நீலப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பகுதிக்கு பம்பில் ஒட்சிசன் அழுத்தம் 50 முதல் 80, மற்றப் பகுதிக்கு 150 முதல் 180. 2014இல் வெளியிட்ட முடிவின்படி, இதயத்தின் ஒற்றைக் கீழறை மட்டும் வேலை செய்யும் பிள்ளைகளில் இதயச் சேதத்தின் அடையாளமான ட்ரொபொனின், அழற்சி, மூலிகத் தாக்கம் எல்லாமே கட்டுப்படுத்திய பகுதியில் குறைவு. இரண்டு கீழறையும் உள்ள பிள்ளைகளில் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இல்லை. ஆகவே எல்லா மையத்திலும் ஒரே எண் கிடையாது. உங்கள் பிள்ளையின் குழு வேறு எண்ணில் ஓட்டினால் அது பிழை என்று பொருள்படாது.

ஏழாம் படி: இதயத்தை நிறுத்துதல், திரும்ப எழுப்புதல்

மகாதமனியில் கவ்வி போட்டு, பொட்டாசியம் கலந்த குளிர் கரைசலை இதயத்தின் தமனிகளுக்குள் செலுத்தினால் துடிப்பு நிற்கும். ரொறொன்ரோ கதையில் வந்த அதே டெல் நிடோவின் பெயரில் ஒரு கரைசல் இன்று பல நாடுகளில் சிறுவர் கூடங்களில் புழங்குகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் காயப்படாத இதயம் இந்த உறக்கத்தை நன்றாகத் தாங்கும். காயப்பட்ட இதயத்துக்கு இது இரண்டாவது அடி.

கவ்வியைத் திறக்கும் கணம் இன்னொரு முதல் நிமிடம். இம்முறை இதயம் உண்மையாகவே இரத்தமின்றிக் கிடந்து எழும்புகிறது. இரத்த அழுத்தத்தையும் ஒட்சிசனையும் தாழ்த்தி வைத்துக்கொண்டு திறந்து, மெல்ல ஏற்றுவோம்.

ஒரு விதிவிலக்கு. உடலை 18 பாகை அளவுக்குக் குளிரவைத்து, சுற்றோட்டத்தையே சில நேரம் நிறுத்திச் செய்யும் திருத்தங்கள் உண்டு. அப்போது ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுகப் பிடித்துக்கொள்ளும். மூளைக்குக் கைகொடுப்பது கரைந்திருக்கும் ஒட்சிசன்தான். அதனால் நிறுத்துவதற்கு முன் சில குழுக்கள் வேண்டுமென்றே ஒட்சிசனை உயர்த்துகின்றன. இதயத்துக்கு ஒரு நியாயம், மூளைக்கு ஒரு நியாயம். கூடத்தில் வாக்குவாதம் வருவதும் இந்த இடத்தில்தான், எனக்கு அது பிடிக்கும்.

எட்டாம் படி: ஐ.சி.யு.வில் முதல் இரவு

உள்ளே விட்டதும் தாய்மார் முதலில் பார்ப்பது நகத்தை. ஃபலோ முழுதாகத் திருத்தப்பட்ட பிள்ளை என்றால் நகம் இளஞ்சிவப்பாக இருக்கும். "சிவந்திட்டான்!" என்று ஒரு தாயார் என் கையைப் பிடித்து அழுதது நினைவிருக்கிறது. ஆனால் ஒற்றைக் கீழறைப் பிள்ளைகளுக்கு முதற்கட்டச் சிகிச்சைக்குப் பிறகும் 75 முதல் 85 வீதம்தான் குறிக்கோள். நீலம் போகவில்லை என்றால் சிகிச்சை பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு என்ன எண் இலக்கு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கூடத்திலிருந்து வந்தவுடன் நன்றாக இருக்கும் பிள்ளை, 6 முதல் 18 மணித்தியாலத்துக்குள் கொஞ்சம் சரிவது வழமை. இதயத்தின் தள்ளும் வலு குறையும் காலம் அது. கை கால் சில்லிடும், மூத்திரம் குறையும், துடிப்பு வேகமெடுக்கும், லக்றேற்று இறங்க மறுக்கும். மில்ரினோன் என்ற மருந்து ஊசிப்பம்பில் சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். இந்தச் சரிவைக் குறைக்க அது உதவுகிறது என்று 2003இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நள்ளிரவில் மருந்துப் பம்ப் இன்னும் ஒன்று கூடினால் உலகம் இடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எதிர்பார்த்த நேரத்தில் வரும் எதிர்பார்த்த விருந்தாளி.

ட்ரொபொனின் எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் தேடுவது வேண்டாத வேலை. இதயத்தில் கத்தி வைத்தாலே அது ஏறும். ஒரு எண்ணைவிட, அது இறங்கும் போக்கும் பிள்ளையின் கால் சூடும்தான் கதை சொல்லும். பாதத்தைத் தொட்டுப் பார்க்கக் கேளுங்கள். கை கழுவிவிட்டுத் தொட விடுவார்கள். இரவு பத்து மணிக்கு சில்லிட்டிருந்த பாதம் விடியற்காலை வெதுவெதுப்பானால், அது நான் அறிந்த நல்ல அறிக்கை.

ஒன்பதாம் படி: கேட்க வேண்டிய கேள்விகள்

அரச வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள், ஆனால் நேரமும் கிடைக்காது. ரவுண்ட் வரும்போது இரண்டு நிமிடம். சிங்களம் ஓடாது, இங்கிலீஷ் வராது என்று பேசாமல் நிற்கும் அப்பாமாரை நிறையக் கண்டிருக்கிறேன். சம்மதப் படிவத்தைத் தமிழில் தரும்படி கேளுங்கள். இல்லையென்றால் தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ வந்து விளக்கும்வரை கையெழுத்தைப் பொறுத்துப் போடலாம். அவசர சத்திரசிகிச்சை என்றால் மட்டும் அது வேறு.

கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைக்கு முழுத் திருத்தமா, இடைக்காலச் சிகிச்சையா? முடிந்தபின் ஒட்சிசன் வீதம் எவ்வளவு இருக்க வேண்டும்? இரும்புச்சத்து சரியா? பம்பில் ஒட்சிசனைப் படிப்படியாக ஏற்றும் வழக்கம் உங்களிடம் உண்டா? கடைசிக் கேள்வியைச் சோதனை வைப்பதுபோலக் கேட்காமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு புன்னகையோடு, "யார் சொல்லித் தந்தது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

வீட்டுக்குப் போனபின் மேளக்குச்சி நுனிபோல உருண்டிருந்த விரல்கள் சப்பையாக மாதக்கணக்கில் எடுக்கும். கூடியிருந்த ஈமோகுளோபினும் மெல்ல இறங்கும், இறங்குகிறதே என்று ஈரலும் பீற்றூட்டும் அவித்துத் திணிக்க வேண்டியதில்லை. பல் துலக்குவது மட்டும் முன்னைப்போலவே, காலையும் இரவும். அடுத்த கிளினிக் திகதி கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். அந்தக் கொப்பியை உறையிலிருந்து எடுத்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, திகதி வரும்போது வீடு முழுக்கத் தேடாதீர்கள்.